கைக்காசில் பிறந்த நாவல்கள்

சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர் என்றால் நம்மவர்களிடையே ஒரு இளக்காரப் பார்வை உண்டு. "எந்தப் பதிப்பாளரும் ஏற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பென்ஷன் பணத்தில் அடித்துக்கொண்டார்" என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் மலையாள நாவலும் தமிழ் நாவலும் வளர்ந்த சரித்திரத்தைப் புரட்டினால், தொடக்க காலத்தில் பெயர் சொல்லக்கூடியவர்களில் பலர் உத்தியோகஸ்தர்கள். அவர்களில் சிலர் கைக்காசைப் போட்டு அச்சிட்டவர்கள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். பத்து ஆண்டுகள் கழித்து 1889இல் மலையாளத்தில் 'இந்துலேகா' எழுதிய சந்துமேனோனும் முன்சீப்தான். அந்தக் காலத்தில் நாவலைத் தேடி வந்து வாங்கும் பதிப்பாளர் என்று ஒரு ஜாதியே நம் பக்கத்தில் கிடையாது. அச்சகம் இருந்தது; காசு கொடுத்தால் அடித்துத் தரும்.

நம் திருவனந்தபுரத்து உதாரணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சி.வி. ராமன் பிள்ளை (1858–1922) மகாராஜாஸ் கல்லூரியில் படித்த பட்டதாரி, திருவிதாங்கூர் சர்க்கார் உத்தியோகஸ்தர். அவருடைய 'மார்த்தாண்டவர்மா' மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். எழுதியபின் சில வருஷங்கள் அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. கடைசியில் 1891இல் சென்னையில் அடிசன் கம்பெனி அச்சகத்தில் ஆசிரியரே செலவை ஏற்று அச்சிட வேண்டியிருந்தது. கதை நடப்பதோ பத்மநாபபுரத்திலும் திருவனந்தபுரத்திலும். புத்தகம் பிறந்தது மதராஸில். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இதே சி.வி. பிற்காலத்தில் திருவிதாங்கூர் சர்க்கார் அச்சகத்துக்கே சூப்பிரண்டு ஆனார். (நாவலில் வரும் சுந்தரய்யன் மதுரைப் பக்கத்து நம்மவன்தான். நல்லவன் இல்லை, ஆனால் அவன் பேசும் தமிழுக்காகவே அந்தப் பகுதிகளை இரண்டாம் முறை படிக்கலாம்.)

முதல் நாவலுக்கும் அடுத்த சரித்திர நாவலான 'தர்மராஜா'வுக்கும் இடையே 22 வருஷங்கள். அச்சுச் செலவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உத்தியோகம், நாடகம், அரசியல் என்று அவருக்கு வேறு பல வேலைகள் இருந்தன. ஆயினும் 1913இல் 'தர்மராஜா' வந்தபோது நிலைமை மாறியிருந்தது. 'மார்த்தாண்டவர்மா'வின் பிரசுரத்தை இவ்வூர் கமலாலயா புத்தக டிப்போ ஏற்றுக்கொண்டிருந்தது. நூல் மறுபதிப்புகள் கண்டு வீடு வீடாகப் புகுந்தது.

ஆசிரியர் காலமாகிப் பதினோரு வருஷங்களுக்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. 1933இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்டவர்மா' மௌனப் படம் இங்கே காபிடல் கொட்டகையில் திரையிடப்பட்டது. நாவலின் உரிமை எங்களிடம் இருக்கிறது, எங்களைக் கேட்காமல் எப்படிப் படம் எடுக்கலாம் என்று கமலாலயா டிப்போ வழக்குப் போட்டது. படம் நிறுத்தப்பட்டு, அதன் பிரதி டிப்போவின் கைக்குப் போயிற்று. தயாரிப்பாளருக்குப் பெருநஷ்டம். ஆனால் அப்படிப் பூட்டிவைக்கப்பட்டதாலேயே அந்தப் பிரதி பிழைத்தது! 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. அதற்கு முன் வந்த ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' பிரதி ஒரு அடிகூட மிஞ்சவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு உத்தியோகஸ்தர் கைச்செலவில் அச்சிட்ட கதை, நாற்பது வருஷங்களில் நீதிமன்றம் வரை போய்ப் போராடத்தக்க சொத்தாகிவிட்டது. காரணம், ஆசிரியருக்குப் பிறகும் அதை 'என்னுடையது' என்று சொல்ல ஒருவர் இருந்தார் என்பதே.

விற்றால் லாபம் வரும் என்பதும் நிச்சயமில்லை. 'இந்துலேகா'வின் முதல் பதிப்பு மூன்று மாதங்களில் தீர்ந்துவிட்டதாக ஆசிரியரே இரண்டாம் பதிப்பின் முகவுரையில் மகிழ்ச்சியோடு சொல்கிறார். அது அபூர்வமான அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் 'எ கிறிஸ்மஸ் கேரல்' கதையைத் தன் செலவிலேயே வெளியிட்டார். 6,000 பிரதிகள் கிறிஸ்மஸுக்குள் தீர்ந்தன. ஆயிரம் பவுன் எதிர்பார்த்தவருக்கு முதல் கணக்கில் கிடைத்தது சுமார் 230 பவுன். வண்ணப் படங்கள், தங்க எழுத்து அட்டை என்று செலவை ஏற்றிக்கொண்டு, விலையை மட்டும் ஐந்து ஷில்லிங்கில் வைத்ததன் விளைவு. டிக்கன்ஸுக்கே இப்படியென்றால், மற்றவர்கள் கதி என்ன?

இந்தக் கணக்கு ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், ஒரு பாரம் அடித்து முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அடுத்த பாரத்துக்குப் பயன்படுத்துவார்கள். ஆகவே இன்னும் 200 பிரதி வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். கோப்புக் கூலி 300 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் அடக்க விலை குறையும். அந்த ஆசையில்தான் ஆசிரியர் 1,000 அடிப்பார். விற்பது 300. மிச்சம் 700 கட்டிலுக்கு அடியில். இதற்கு மேல் கடைக்காரர் கழிவு வேறு.

ஓய்வு பெற்றபின் நானும் ஒரு சிறு நாவலை 500 பிரதி அச்சிட்டவன் என்பதால் இதை அனுபவத்தில் சொல்கிறேன். வெளியீட்டு விழாவில் 60 பிரதிகள் போயின; வாங்கியவர்கள் அனைவரும் உறவினர். ஒரு புத்தகக் கடை 50 பிரதிகளை 'விற்றபின் பணம்' என்ற ஏற்பாட்டில் எடுத்துக்கொண்டது. மூன்று வருஷம் கழித்துப் போனபோது கடையே வேறு கைக்கு மாறியிருந்தது. பிரதியும் இல்லை, பணமும் இல்லை. மற்றபடி, எலிக்கும் கரையானுக்கும் இலக்கிய ருசி உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஆனால் பாலக்காட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மாள் நாலு பக்கம் கடிதம் எழுதினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு நெருக்கமானவர் அ. மாதவையா (1872–1925). நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தேறி, உப்பு இலாகாவில் அதிகாரியானவர். 1892இல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரை ஆரம்பித்தார், பாதியில் நின்றது. கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த கதை, நம் சமூகத்தையே நேராகக் கண்டித்த கதை. அதைத்தான் 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்ற நூலாகக் கொண்டுவந்தார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிறர் நடத்தும் பத்திரிகைக்குச் சந்தாதாரர் கோபம் என்ற பயம் எப்போதும் உண்டு. செலவு தன்னுடையதாகிவிட்டால், கோபமும் தன்னோடு போயிற்று என்று எழுத முடியும். சொந்தப் பிரசுரத்தின் நஷ்டங்களையெல்லாம் கூட்டிக் கழித்தாலும் இந்த ஒரு வரவு பெரிது என்பது என் எண்ணம்.

மாதவையா உத்தியோகக் காலம் முடியும் முன்பே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் சொந்த அச்சகமும் பிரசுராலயமும் வைத்தார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார். இளமையில் இரண்டு பாகங்களோடு விட்ட 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதலானார். ஆனால் 1925 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட்டில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். வயது 53. நாவல் முடியவில்லை, பத்திரிகையும் நிலைக்கவில்லை. பிரசுராலயம் என்பது அந்த ஒரு மனிதர்தானே! குடும்பம் பெரிய குடும்பம்: உடன் வளர்ந்த பெ.நா. அப்புஸ்வாமி பின்னாளில் தமிழில் விஞ்ஞானம் எழுதிய முன்னோடி (விஞ்ஞானம் படித்த எங்கள் தலைமுறைக்கு அவர் கட்டுரைகள் பெரும் உதவி), மகன் மா. கிருஷ்ணன் புகழ்பெற்ற வனவிலங்கு நிபுணர். அப்படியிருந்தும் மாதவையாவின் நூல்கள் நெடுங்காலம் கடையில் கிடைக்காமலே இருந்தன.

ஜயித்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடமே போகாத வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, பிறகு சொந்த அச்சகமும் வைத்து, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைத் தாமே வெளியிட்டார். தாசில்தார் உத்தியோகத்தை விட்டு வந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரும் சொந்தப் பிரசுரத்தில் செழித்தவர்தான். இவர்கள் ருசி தெரிந்து பரிமாறினார்கள். ஜனங்களும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ருசிக்கு வளைந்து கொடுக்காமல் அதே வழியில் போனவர் சி.சு. செல்லப்பா. 1912இல் பிறந்தவர், வத்தலக்குண்டு பூர்வீகம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யருக்கும் அதே ஊர். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். மனைவியின் நகைகள் அதில் கரைந்தன. 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் தம்முடையதும் பிறருடையதுமான நூல்களைப் போட்டு, புத்தகக் கட்டைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழ்ப் பேராசிரியர்கள் சிலர் வரவேற்றார்கள். சிலர் உட்காரச் சொல்லவும் இல்லை என்பார்கள். தம் நூலைக் கூவி விற்பது இழிவு என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரும் ஆரம்ப காலத்தில் தம் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுப்படி ஏறி விற்றவர்தான்.

செல்லப்பா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்தக் கால அனுபவங்களை 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலாக எழுதி வைத்திருந்தார். மூன்று பாகம், ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கம். அவ்வளவு பெரிய நூலுக்கு யார் பணம் போடுவார்கள்? 1997இல், 85 வயதில், தாமே வெளியிட்டார். மறுவருஷம் டிசம்பரில் காலமானார். 2001இல் அந்நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவருடைய ஜல்லிக்கட்டுக் குறுநாவலான 'வாடிவாசல்' வேறு பதிப்பாளர் கைக்குப் போய்ப் பல பதிப்புகள் கண்டது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் பரிசு பெற்ற 'சுதந்திர தாகம்' பற்றி விசாரித்தால் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம், படித்தவர்கள் குறைவு.

கேரளத்தில் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். 1945இல் கோட்டயத்தில் எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலிய 12 எழுத்தாளர்கள் சேர்ந்து 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய்! ஒருவர் மூட்டையை மற்றவரும் சுமக்கும் ஏற்பாடு இது. ஆசிரியர் இறந்தாலும் சங்கம் இருக்கும், மறுபதிப்பு வரும். தமிழ்நாட்டிலும் எழுத்தாளர் கூட்டுறவு முயற்சி நடந்தது. ஆனால் இந்த வீச்சை எட்டவில்லை.

சங்கம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இங்கே தமிழில் எழுதியவருக்கு அதனால் பயன் இல்லை. தமிழ்நாட்டுப் பதிப்பாளருக்கோ இது வெகு தூரத்து ஊர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருந்த டி.கே. துரைஸ்வாமி, அதாவது நகுலன், 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பைத் தம் செலவில் கொண்டுவந்தார். தம் கதை, கவிதைகளோடு நில்லாமல் பிறர் எழுத்துக்கும் சம்பளப் பணத்தைச் செலவிட்டவர். கவடியார் கோல்ஃப் லிங்க்ஸ் வீட்டில் தனியாக வாழ்ந்து 2007 மே மாதம் காலமானார். அவருடைய நாவல்களைப் பிறர் தொகுத்து அச்சிட்டதால் இன்று வாசிக்க முடிகிறது. 'குருக்ஷேத்திர'த்தின் முதல் பிரதி ஒன்றைத் தேடி நான் கேட்காத வீடு பாக்கியில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் கோத்து, வேண்டியபோது பத்துப் பிரதி மட்டும் அச்சிடலாம். ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டிலுக்கு அடியில் அடுக்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் பழைய காலத்தில் அடித்தவை? கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் தெருக்களில் தாத்தா, பெரியப்பா, சித்தி என்று யாரோ ஒருவர் கைக்காசில் போட்ட நாவலும் கதைத் தொகுதியும் பரண் மேல் இருக்கக்கூடும். ஃபிளாட்டுக்குக் குடிபோகும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அவைதான். அப்படி ஏதாவது இருந்தால், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். ஆசிரியர் பெயரும் வருஷமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, 1829 முதல் நம் ஊரில் இருக்கும் பாளையம் மத்திய நூலகத்தில் ஒரு பிரதியை ஏற்றுக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். ஆட்டோவில் வந்து நானே எடுத்துப் போகிறேன்.