மருத்துவருக்கு ஒரு மறுமொழி: ‘கவுன்ட் அஸ் இன்’ நூலின் ஒரு பகுதியும் தனக்காகப் பேசக் கற்பித்தலும்

டவுன் சிண்ட்ரோம் கொண்ட ஜேசன் கிங்ஸ்லி, மிட்செல் லெவிட்ஸ் என்னும் இரு அமெரிக்க இளைஞர்களின் உரையாடல்களாக 1994-இல் வெளிவந்த நூல் ‘கவுன்ட் அஸ் இன்’. பிறர் துணையோடு உருவான தன்வரலாறுகளை ஐயத்தோடு அணுகும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. இந்நூலில் பெற்றோரின் கேள்விகளும் இடம்பெறுவதால், குரல் யாருடையது என்று அம்மரபு கேட்கும். கேள்வி நியாயமானதே. ஆனால் அது நூலின் முதன்மையான பகுதியைத் தவறவிடச் செய்கிறது என்பது என் வாதம்.

தான் பிறந்தபோது மகப்பேறு மருத்துவர் சொன்னதை ஜேசன் அப்பகுதியில் சொல்கிறார்: இந்தக் குழந்தை எதையும் கற்காது, காப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அது தவறு என்கிறார். பிறகு வயலின், பியானோ, ஓவியம், விளையாட்டு, நாடகம், நண்பர்கள் என்று தன் வாழ்வை அடுக்குகிறார். அதோடு நிறுத்தவில்லை. இனி எந்தப் பெற்றோரிடமும் அந்த மருத்துவர் அப்படிச் சொல்லக்கூடாது என்கிறார்.

1974-இல் பிறந்த அன்று நடந்தது அவருக்கு நினைவிருக்க வழியில்லை. வீட்டார் சொல்லித்தான் தெரிந்திருக்கும். ஆகவே இது இரவல் கதை என்று ஒதுக்கலாம். நான் இதையே தலைகீழாக வாசிக்கிறேன். தன்னைப் பற்றி என்ன தீர்ப்பு எழுதப்பட்டது என்று அறியாதவர் அதை எப்படி மறுப்பார்? அந்தத் தீர்ப்பை மகனிடமிருந்து மறைக்காததே அவ்வீட்டில் நடந்த கற்பித்தல். கதை வீட்டார் தந்தது. அதிலிருந்து பிறந்த கோரிக்கை ஜேசனுடையது என்றே கொள்கிறேன். ஒரு பனுவலின் ஒரு பகுதியை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாதுதான். எனினும் ‘என்னால் முடியும்’ என்ற பட்டியலிலிருந்து ‘நீங்கள் இதைச் செய்யக்கூடாது’ என்ற கோரிக்கைக்கு அவர் நகர்வதைத் தற்செயல் என்று என்னால் கருத இயலவில்லை. தனக்காகப் பேசக் கற்பிக்கும் வகுப்பறைப் பயிற்சிகளோ பெரும்பாலும் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. மாணவர் தன் திறமைகளைச் சொல்கிறார், கைதட்டல் கிடைக்கிறது, அவரைப் பற்றிய முடிவு மட்டும் மாறுவதில்லை.

ஜேசனின் தாய் எமிலி ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளராக இருந்தவர், எல்லா வீடுகளும் அப்படியிருக்காது என்பர். உண்மை. ஆனால் பிள்ளையிடம் நடந்ததைச் சொல்ல அந்த வசதி தேவையில்லை. கசப்பானதைச் சொன்னால் பிள்ளை நொந்துபோகும் என்ற அச்சம் பெரியவர்களுடையது. அதற்கு இங்கே அதிக இடம் தரத் தேவையில்லை.

தன்னைப் பற்றிய தீர்ப்பை அறிந்து மறுக்கும் வாய்ப்பைப் பள்ளியும் தர வேண்டும். டவுன் சிண்ட்ரோம் கொண்டோரில் பலருக்குப் புரிதலைவிடப் பேச்சு பின்தங்கியிருக்கும். காதால் கேட்டதை நினைவில் இருத்துவதைவிடக் கண்ணால் கண்டதை இருத்துவது எளிது. எனவே அவர்களின் கல்வியைத் திட்டமிடும் பள்ளிக் கூட்டத்தில் திடீரென்று கேட்கப்படும் கேள்விக்கு அவர்கள் மௌனமாக இருந்தால் அதை இசைவு என்று கொள்ளலாகாது. அமெரிக்கச் சட்டம் 16 வயதுக்குள் மாணவரின் தனிநபர் கல்வித் திட்டத்தில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வையும் சேர்க்கச் சொல்கிறது. அதைப் பேசும் கூட்டத்துக்கு அவரையும் அழைக்கச் சொல்கிறது. அழைத்தால் மட்டும் போதாது. தன்னைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை எளிய வாக்கியங்களிலும் படங்களிலும் பல நாள் முன்பே அவர் பார்த்திருக்க வேண்டும். ஏற்காத வரிகளை அவர் அடித்துக் காட்ட வேண்டும். அடித்த ஒவ்வொரு வரிக்கும் கூட்டத்தினர் எழுத்தில் பதில் தர வேண்டும்.