துளையும் ஆழமும்

எம்.ரெட்டியபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நீரே வெள்ளாமைக்கு உயிர். மடையின் துளை மாறுவதில்லை. எனினும் கண்மாய் நிறைந்திருக்கையில் ஒரு நாழிகையில் பாயும் நீர், வற்றுங்காலத்தில் அதே நாழிகையில் பாயாது. முறை வைத்து நேரக் கணக்கில் பங்கிட்டால், கடைசி முறைக்காரருக்கே இழப்பு.

இதையொத்த சிக்கல் உரோமாபுரியிலும் இருந்தது. கி.பி. 97-இல் அந்நகரின் நீர்வழிகளுக்குப் பொறுப்பேற்ற பிரான்டினஸ், குழாய் வாயின் பரப்பைக் கொண்டே நீரை அளந்தார். விரைவும் நீரைக் கூட்டும் என்பதை அவர் அறியாதவரல்லர், கணக்கில்தான் சேர்க்கவில்லை. ஏடும் ஓடும் நீரும் முரண்பட்டபோது, பழியில் பெரும்பங்கு பணியாட்களின் களவின் மேல் விழுந்தது. களவும் இருந்ததுதான், ஆயினும் அளவுகோலும் கோணலன்றோ?

ஹிஜ்ரி 602-இல் (கி.பி. 1206) தியார்பக்ர் அரசவையில் தம் நூலை முடித்த அல்-ஜஸரீ, நீர்க் கடிகாரத்துக்காக இச்சிக்கலைக் கைவினையால் வென்றார். பெருந்தொட்டியின் நீர் முதலில் ஒரு சிறு கலத்தில் இறங்கும். அங்கு மிதக்கும் அடைப்பான், நீர் உயர்ந்தால் வாயை மூடும், தாழ்ந்தால் திறக்கும். ஆழம் மாறாததால் ஒழுக்கும் மாறாது. முன்னோர் வகுத்த அளவுத் தட்டையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. சோதித்துப் பிழை கண்டு, தாமே திருத்தி அமைத்தார். நம் வீட்டு மாடித் தொட்டியின் மிதவைப் பந்து இவ்வினத்ததே.

கணக்கு பின்னரே வந்தது. துளைவழிப் பாயும் நீரின் விரைவு, ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என 1644-இல் டாரிசெல்லி எழுதினார். (நீண்ட குழாயில் உராய்வும் சேரும், அது தனிக் கதை.) மடைக்கு மேல் 12 அடி நின்ற நீர் 3 அடியாகக் குறைந்தால், விரைவு கால் பங்காவதில்லை, பாதியாகும். முதல் முறைக்காரருக்கு ஒரு மணி நேரமெனில், கடைசியில் நிற்பவருக்கு இரண்டு மணி நேரம் திறந்துவிட வேண்டும்.