டோரியன் கிரேயின் ஓவியம்

அயர்லாந்து எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டு (1854–1900) எழுதிய ஒரே நாவல். இன்பவேட்கையையும் ஒழுக்கச் சிதைவையும் பேசும் இந்நூல், ‘காதிக்’ எனப்படும் ஆங்கிலத் திகில் புனைவு மரபைச் சேர்ந்தது. நாயகனின் பாவங்களில் பலவற்றைப் பெயர் சொல்லாமலே விட்டது இதன் தனித்தன்மை. நூலைச் சர்ச்சைக்குள் இழுத்ததும் அதுவே.

கதை: ஓவியர் பேசில் தீட்டிய தன் உருவப்படத்தைக் கண்ட இளைஞன் டோரியன், தனக்குப் பதில் படமே மூப்படையட்டும் என வேண்டுகிறான். இன்பமே வாழ்வு என்னும் ஹென்றி பிரபுவின் பேச்சு அவனை மயக்குகிறது. காதலித்த நடிகை சிபிலை உதறிவிட்டு வீடு திரும்பியதும், படத்தின் வாயோரம் குரூரச் சாயல் படிந்திருக்கக் காண்கிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். படத்தை மாடி அறையில் பூட்டி வைக்கிறான். பேசிலைக் குத்திக் கொன்ற பின் படத்திலுள்ள கையில் இரத்தம் கசிகிறது. அவன் முகத்திலோ இளமை குன்றவில்லை. இறுதியில் படத்தைக் கத்தியால் குத்த, அவனே மாள்கிறான். கிழடுதட்டிய பிணத்தை வேலையாட்கள் மோதிரங்களை வைத்தே அடையாளம் காண்கின்றனர்.

முன்னோடிகள்: ஒயில்டின் தாய்வழி உறவினர் சார்லஸ் மட்டூரினின் ‘மெல்மாத்’ நாவலிலும் (1820) மர்ம உருவப்படம் ஒன்று உண்டு. டோரியன் விழுந்து விழுந்து படிக்கும் பிரெஞ்சு நாவலுக்கு, பிரெஞ்சு எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் 1884இல் வெளியிட்ட நாவலே முன்மாதிரி என்பர்.

பதிப்பு வரலாறு: 1889 ஆகஸ்டில் இலண்டன் லாங்ஹாம் விடுதியில் அமெரிக்கப் பதிப்பாளர் ஸ்டாடர்ட் அளித்த விருந்தில் ஒயில்டின் நாவலுக்கு வித்திடப்பட்டது. அதே விருந்து கோனன் டாயிலிடமிருந்து ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலையும் பெற்றுத் தந்தது. ஒயில்டின் கதையில் சுமார் 500 சொற்களை வெட்டியே ஸ்டாடர்ட் 1890 ஜூலை ‘லிப்பின்காட்’ இதழில் அச்சிட்டார். அப்படியும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் இரயில் நிலையக் கடைகளிலிருந்து இதழை அகற்றியது. டோரியனிடம் அவரவர் தம் பாவத்தையே காண்கின்றனர் என்று ஒயில்டு பதிலளித்தார். 1891 நூற்பதிப்பில் சில பகுதிகளை மென்மையாக்கி, 13 அத்தியாயங்களை 20 ஆக்கி, முன்னுரையும் சேர்த்தார்.

பிற்காலம்: 1895இல், தன்மீது ஓரினச் சேர்க்கைப் பழி சுமத்திய குவீன்ஸ்பெரி பிரபு மீது ஒயில்டு தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்டு கார்சன் இந்நாவலைக் கையில் எடுத்தே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். வழக்கு ஒயில்டு மீதே திரும்பி, ஓரினச் சேர்க்கைக் குற்றத்திற்காக 2 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1945இல் ஆல்பர்ட் லூயின் இயக்கிய கறுப்புவெள்ளைத் திரைப்படத்தில் ஓவியம் மட்டும் சில காட்சிகளில் வண்ணத்தில் தோன்றும். ஸ்டாடர்டின் கத்தரிக்குத் தப்பிய முழுவடிவத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011இல் வெளியிட்டது.