யவனர் என்னும் பெயர்

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் காக்காயந்தோப்பை அடுத்துள்ள அரிக்கமேட்டை 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியக் குயவர் தம் பெயரை முத்திரையிட்டு வனைந்த செந்நிற மெருகுக் கலங்களின் சில்லுகளும், கடல்வழி மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. முதல் நூற்றாண்டில் எகிப்துவாழ் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ நூலில் பொதுகே எனப்படும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆனால் அக்காலத்தில் மேல்கடல் தாண்டி வந்தவர் ரோமராயினும் அலெக்சாந்திரியக் கிரேக்கராயினும், நம் சங்கப் புலவர் அவர்களுக்கு இட்ட பெயர் ஒன்றே: யவனர்.

அப்பெயரின் பூர்விகம் இத்தாலியும் அன்று, எகிப்தும் அன்று. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் மிலேட்டஸ், எபேசஸ் முதலிய நகரங்களைக் கொண்டிருந்த அயோனியா என்னும் சிறு பிரதேசத்து மக்களே ஆதியில் அப்பெயருக்கு உரியவர். கிரேக்கரின் நாவில் பிற்காலத்தே தேய்ந்து மறைந்த வகர ஒலி பழங்காலத்தில் அப்பெயரில் இருந்தது; எபிரேயரின் ‘யாவான்’ அதை இன்றும் காட்டுகிறது. ஆங்கிலேயர் வழங்கும் ‘அயோனியன்’ என்பதோ வகரம் தேய்ந்தபின் எஞ்சிய உருவத்தின் வழிவந்தது. அயோனியாவை ஆண்ட பாரசீகச் சக்கரவர்த்தி தாரயவுஷின் சாசனங்களில் ‘யௌன’ என்றும், அசோகரின் பாறைச் சாசனங்களில் ‘யோன’ என்றும், வடமொழியில் ‘யவன’ என்றும் வழங்கிய அப்பெயர், அண்டை நாட்டார் தாம் முதலில் சந்தித்த கிளையினரின் பெயராலேயே கிரேக்க ஜாதி முழுவதையும் அழைத்த வழக்கத்தால் விரிந்து, தமிழகத்தை அடைந்தபோது ரோமரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. முல்லைப்பாட்டு அவர்களைப் பாசறை காக்கும் வீரராகக் காட்டுகிறது. புறநானூறு அவர்கள் தந்த தேறலைப் பேசுகிறது. அகநானூறு பொன்னோடு வந்து முசிறியில் மிளகேற்றிச் சென்ற அவர்தம் மரக்கலங்களைச் சொல்கிறது. அவர்களின் சொந்த ஊர் எது என்று விசாரிக்கும் ஆவல் மட்டும் நம் புலவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை!

ரோம வாணிபம் ஒடுங்கி அராபிய மரக்கலங்கள் அவ்விடத்தை நிரப்பியபின், யவனர் என்னும் சொல்லே திரிந்து ‘சோனகர்’ ஆகி முஸ்லிம் வணிகரைக் குறிக்கலாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். இலங்கைச் சோனகரைப் போர்ச்சுகீசியர் தம் நாட்டு வழக்கப்படி ‘மௌரோ’ என்றனர். ஆங்கிலேயர் ‘மூர்’ என்று எழுதினர். அதுவும் வடமேற்கு ஆப்பிரிக்காவின் மௌரிட்டானியா என்னும் பழம்பிரதேசத்து மக்களின் பெயரே. இலங்கையின் ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் இன்றும் தமிழில் சோனகர், ஆங்கிலத்தில் மூர்.