நாட்குறிப்பு இருந்த வீடு: புதுச்சேரியில் நினைவில்லங்கள் உருவான வரலாறு

1846-ஆம் ஆண்டு. பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவருடைய வழித்தோன்றல்களிடம் பூச்சியரித்த நிலையில் கிடந்த பழைய கணக்குப் பேரேடுகளைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அதிகாரி அர்மான் கலுவா மொம்பிரன் பார்த்தார். புரட்டிப் பார்த்தபோது அவை வெறும் கணக்கு அல்ல என்று தெரிந்தது. 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டுக் காலம், பிள்ளை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு அது. அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் எதுவார் ஆரியேல் எடுத்த படி பாரிசுக்குப் போயிற்று. 1904-லிருந்து 1928 வரை சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948-இல்தான்.

புதுச்சேரிக்கு வருபவர்கள் கடற்கரையோரத்து மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த ஊரில் வீடுகள் எவ்வாறு வரலாற்றுச் சான்றுகளாக மாறின என்று தேடுபவர், பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாயைத் தாண்டி மேற்கே, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயராலேயே வழங்கும் தெருவுக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கே நிற்கும் மாளிகை 1738-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு: நடுவே முற்றம், சுற்றிலும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள். மாடி ஏறினால் தூண்களின் சாயலே வேறு. சுண்ணாம்புச் சாந்து பூசிய பருத்த வெள்ளைத் தூண்கள், ஐரோப்பியப் பாணியில் வரிசையாக நிற்கின்றன. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக, ஆளுநர் டுப்ளேயின் அரசியலிலும் வணிகத்திலும் வலக்கையாக இருந்தவர் வாழ்ந்த இரண்டு உலகங்கள், ஒரே கூரையின் கீழ் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வீட்டின் வயதைக் கடற்கரைப் பகுதியோடு ஒப்பிட்டால்தான் அதன் அருமை விளங்கும். 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடியிருந்தார். நகரத்தைப் பிடித்தவர்கள் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் ஐரோப்பியர் வாழ்ந்த வீடுகளையும் திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரிசு உடன்படிக்கைப்படி 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபோது, ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அந்த இடிபாடுகளின் மேல்தான் நகரத்தை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். அதன் பிறகும் மூன்று முறை ஆங்கிலேயர் கைக்குப் போய், 1816-இல்தான் பிரெஞ்சு ஆட்சி நிலைகொண்டது. ஆகவே, இன்று பிரெஞ்சு நகரம் என்று காட்டப்படும் தெருக்களில் நிற்கும் வீடுகள் பெரும்பாலும் பிள்ளையின் வீட்டுக்கு இளையவை. டுப்ளே காலத்தை நேரில் கண்ட சுவர்களைத் தேடுபவர் தமிழர் பகுதிக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

அந்தச் சுவர்கள் கண்டவற்றில் மனத்தை அறுப்பவையும் உண்டு. 1748 செப்டம்பரில் ஆங்கிலப் படை நகரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், ஊரின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. உத்தரவு பிறந்த இடத்துக்கும் கோயிலை இழந்த மக்களுக்கும் நடுவில் நின்றவர் பிள்ளை. யார் என்ன சொன்னார்கள், எவர் வாய்மூடி இருந்தார்கள் என்பதையெல்லாம் அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிரெஞ்சு ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊரின் பதினெட்டாம் நூற்றாண்டை எழுத முடியாது என்று சொல்ல இந்தப் பக்கங்களே போதும்.

ஆவணங்களைத் திரட்டும் முயற்சி அமைப்பாக உருவெடுத்தது 1911-இல். வரலாற்றறிஞரும் பிரெஞ்சிந்திய ஆளுநருமான அல்பிரெட் மர்த்தினோ, பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தார். காகிதங்களுக்கு அதனால் ஓர் இடம் கிடைத்தது. பொருள்களுக்கு அப்போதும் ஒழுங்கான இடம் இல்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்ற மேட்டிலிருந்து மணிகளும் மட்கல ஓடுகளும் கிடைத்துக்கொண்டிருந்தன. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண 1769-இல் இங்கே காத்திருந்து மேகத்தால் ஏமாந்த வானியலாளர் லெ ழாந்தியே அந்த இடத்துப் பழைய செங்கற்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1930-களில் தொல்லியல் அறிஞர் ழுவோ துப்ரெய் அதன் அருமையை மீண்டும் எடுத்துச் சொன்னார்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடி ஒன்றின் உடைந்த பகுதியைக் கண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தார். இங்கே நூலகத்தின் கண்ணாடிப் பேழைகளில், இத்தாலியில் வனைந்த சிவப்பு மட்கலத்தின் துண்டுகள் அவருக்காகவே காத்திருந்தவைபோல இருந்தன. அடுத்த ஆண்டே அரிக்கமேட்டில் அகழாய்வு தொடங்கியது. தென்னிந்தியத் தொல்லியலில் காலக்கணிப்புக்கு உறுதியான பிடிமானம் கிடைத்தது அந்த அகழாய்வால்தான். அதற்கு வழிகாட்டியது புத்தகங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு பேழை என்பதை, சிற்றூர் அருங்காட்சியகங்களை அலட்சியமாகக் கடந்துபோகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. இடையில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டத் தொடங்கியது. அங்கும் பிரெஞ்சுக் கீழைத்தேயப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் சேர்ந்த சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

பாரதி பூங்காவை ஒட்டி செயின்ட் லூயி தெருவில் அரசு அருங்காட்சியகம் உருவானது. அரிக்கமேட்டு மணிகளும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் ஒரு பக்கம். டுப்ளே படுத்த கட்டில் என்று காட்டப்படும் கட்டில், பல்லக்கு, ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடிய 'பூஸ்-பூஸ்' வண்டி ஆகியவை மறுபக்கம். அந்த வண்டியின் அருகில் சற்று நேரம் நிற்க வேண்டும். முன்னால் இருந்த கைப்பிடியால் திசையைத் திருப்பியவர் உள்ளே உட்கார்ந்திருந்தவர். வேகம் முழுவதும் பின்னால் தள்ளியவருடையது. உட்கார்ந்தவர் எந்த வீட்டிலிருந்து கிளம்பினார் என்பதைச் சொல்லவாவது நகரில் மாளிகைகள் நிற்கின்றன. தள்ளியவரின் வீட்டைச் சொல்ல எதுவுமில்லை.

வீட்டையே அருங்காட்சியகமாக்கும் வழக்கம் இந்த ஊரில் வேர்பிடித்தது கவிஞர்களால். கைதுக்குத் தப்பி 1908-இல் வந்த பாரதி, 1918 நவம்பர் வரை இங்கே வாடகை வீடுகளில் குடியிருந்தார். 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் இந்தப் பத்தாண்டுகளின் விளைச்சல். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைக்கப்பட்ட வீட்டுக்காரர் வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்டுவிட்டு வாடகைப் பேச்சை எடுக்காமலே போவார் என்று பாரதியோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டை அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. வாடகைதாரரின் பெயரில் ஒரு வீடு அரசுச் சொத்தாகி நிற்பதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

பெருமாள் கோயில் தெரு 95-ஆம் எண் வீடு பாரதிதாசனுடையது. 1945 முதல் அவர் வாழ்ந்த இடம். கையெழுத்துப் படிகளும் படங்களும் அவர் புழங்கிய பொருள்களும் அங்கே இருக்கின்றன. பாரதி வீட்டைப் பார்த்த கையோடு நடந்தே இதற்கும் போய்விடலாம்.

ரங்கப் பிள்ளை, பாரதி, பாரதிதாசன் என்று இந்த வீடுகளை வரிசையாக வைத்தால் ஒன்று புலப்படுகிறது. இவற்றைக் காத்தது கட்டடக் கலையின் சிறப்பு மட்டும் அல்ல. உள்ளே ஒருவர் உட்கார்ந்து எழுதியதுதான் இவற்றைக் காத்தது. எழுதாதவர்களின் வீடுகள் என்ன ஆயின?

மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் 1990-களில் மரபுக் கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் பட்டியலில் ஏறின. பிறகு அவற்றில் பல இடிபட்டுவிட்டன. பாகப்பிரிவினை, கூடிக்கொண்டே போகும் மனை விலை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமை என்று காரணங்கள் பல. தமிழர் பகுதியில்தான் இழப்பு மிகுதி. இதற்கு ஒரு மறுமொழியாக வைசியாள் தெருவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் நடந்தது. திண்ணை, அதன் மேல் தெருவை நோக்கி இறங்கும் தாழ்வாரம், அதைத் தாங்கும் மரத்தூண்கள் என்று அந்தத் தெருவின் முகம் முழுவதும் ஒரே வீச்சில் சீரமைக்கப்பட்டது. செலவில் ஒரு பங்கைத் திட்டமும் மறுபங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்தப் பணி இடம்பெற்றது. தனி வீட்டை விட்டுத் தெருவையே ஓர் அலகாகப் பார்த்ததில் இது முன்னோடி.

அரசின் கையில் இருந்த கட்டடமும் தப்பவில்லை. 1870-களின் தொடக்கத்தில் கடற்கரையில் எழுந்த மேரி கட்டடம் என்னும் நகரமன்றம், பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு பழைய வடிவிலேயே கட்டி 2021-இல் திறந்தார்கள். வடிவம் திரும்பி வந்துவிட்டது, சுவர் புதியது. இருந்ததைப் பேணியிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதில் சிறு பகுதிதான் இருந்திருக்கும்.

எழுதாதவர்களின் வீடுகளுக்குத் திரும்புவோம். ஊரின் கதையில் பஞ்சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் உயிரிழந்தார்கள்; அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆலைக்குப் போய்வந்த ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிய வீடு எதுவும் நினைவில்லங்களின் வரிசையில் இன்னும் சேரவில்லை. அத்தகைய ஓர் ஓட்டு வீட்டைக் கண்டெடுத்து, வைசியாள் தெருவில் செய்ததுபோல் உரியவர்களோடு பங்கிட்டுக் காப்பதுதான் மரபுப் பட்டியலை வைத்திருப்பவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய வேலை. முதலியார்ப்பேட்டைப் பக்கம் இன்னும் விலைபோகாத வீடுகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.