சஸ்பென்ஷன்: தொங்கலா, வில்லா?
'சஸ்பென்ஷன்' என்றதும் அரசு ஊழியருக்குப் பணி இடைநீக்கம்தான் நினைவுக்கு வரும். கார் கட்டுபவருக்குச் சக்கரமும் சுருள்வில்லும். இரண்டுக்கும் வேர் ஒன்றே: தொங்கவிடுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல். ஐரோப்பியக் கோச்சு வண்டிகளின் கூண்டு ஒருகாலத்தில் தோல்வாரில் உண்மையாகவே தொங்கியது. பிறகு எஃகு வில் தாங்க வந்தது, பெயர் மாறவில்லை. 1957இல் அறிமுகமான லோட்டஸ் செவனைப் போன்ற காரை வீட்டிலேயே கட்டுபவர், அடித்தட்டைத் தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும் என்பதோடு, பள்ளத்தில் வில் எவ்வளவு அமுங்கும் என்றும் கணக்கிட வேண்டும். அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளிதான் காரைக் காக்கும். இதில் தொங்குவது எது? வில் பொருத்திய மாட்டுவண்டியை நம்மவர்கள் 'வில்வண்டி' என்றார்கள். அந்த வழியில் சஸ்பென்ஷனைத் தமிழில் 'வில்லமைப்பு' எனலாம். அதிர்வடக்கி அதில் அடங்காது என்பது குறைதான். ஆனாலும் 'தொங்கலமைப்பு' என்று நேராக மொழிபெயர்ப்பதைவிட எனக்கு இதுவே உவப்பு.