தொடாமல் விட்ட முதல் பேஸ்

1998 செப்டம்பர் 8. செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் ஸ்டேடியம். மார்க் மெக்வையர் அடித்த பந்து இடது பக்கச் சுவரை உரசாத குறையாகத் தாண்டிப் போகிறது. 341 அடிதான். அந்த சீசனில் அவர் அடித்ததிலேயே குட்டையான ஹோம் ரன், ஆனால் அது 62ஆவது. 1961இல் ரோஜர் மாரிஸ் வைத்த 61 என்ற சாதனை 37 வருடம் கழித்து உடைகிறது.

இந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் கண் ஒரே இடத்தில் போய் நிற்கும். சந்தோஷத்தில் துள்ளி ஓடும் மெக்வையர் முதல் பேஸை மிதிக்காமலே தாண்டிவிடுவார். அங்கே நிற்கும் பயிற்சியாளர் டேவ் மெக்கே அவரைத் திருப்பி அனுப்புவார். மெக்வையர் வந்து பேஸைத் தொட்டுவிட்டு மறுபடி ஓடுவார்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோம் ரன் நம்ம சிக்ஸர் மாதிரிதான். ஆனால் பந்து மைதானத்தைத் தாண்டினால் மட்டும் போதாது. நாலு பேஸையும் வரிசையாகத் தொட்டாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், எதிரணி முறையிட்டு அவுட் வாங்கலாம்.

அந்த வருடம் அமெரிக்காவுக்கு ஏன் அப்படி ஒரு கொண்டாட்டம் என்று புரிய 1994க்குப் போக வேண்டும். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. இரண்டு உலகப் போர்களால்கூட நிற்காத தொடர் அது. பணக்காரர்கள் பணக்காரர்களோடு போட்ட சண்டை என்று ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது மெக்வையரும் சாமி சோசாவும் மாறி மாறி அடித்த ஹோம் ரன்கள். கடைசியில் சோசா 66, மெக்வையர் 70. அந்த எழுபதாவது பந்து 30 லட்சம் டாலருக்கு விலைபோனது. மறு வருடம் செயின்ட் லூயிஸில் ஒரு நெடுஞ்சாலைத் துண்டுக்கு மெக்வையர் பெயரை வைத்தார்கள்.

யாருக்குமே சந்தேகம் வரவில்லையா? வந்தது. அந்த ஆகஸ்ட் மாதமே ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற செய்தியாளர் மெக்வையரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டெனடியோன் பாட்டிலைப் பார்த்து எழுதினார். உடம்புக்குள் போனால் ஆண் ஹார்மோனாக மாறும் பொருள் அது. ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை. கடையிலேயே கிடைத்தது. திட்டு வாங்கியது யார் தெரியுமா? செய்தி எழுதியவர். அடுத்தவர் லாக்கரை ஏன் எட்டிப் பார்த்தாய் என்று கேட்டார்கள். பாட்டிலைப் பற்றிப் பேச யாருக்கும் மனசில்லை.

ஸ்டீராய்டு விஷயமும் இப்படித்தான். 1991இலேயே அது கூடாது என்று கமிஷனர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆனால் 2003 வரை யாரையும் பரிசோதிக்கவில்லை. சட்டம் இருந்தது, காவல் இல்லை. வாசலில் கூட்டம் அள்ளும்போது எந்த முதலாளி சோதனை போடுவான்?

மெக்வையர் 2001இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 583 ஹோம் ரன்கள். 2005 மார்ச் 17 அன்று காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்தார். நான் முதலில் பார்த்தது இந்த வீடியோவைத்தான். ஹோம் ரன்னெல்லாம் பிறகு. அதனால் என் மனதில் அவர் முதலில் ஒரு குற்றவாளியாகத்தான் பதிந்தார். வீரர்களுக்கு முன்பு அதே நாளில் சில பெற்றோர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஸ்டீராய்டு பழக்கத்துக்குப் பின் தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோர். அதற்கப்புறம் வந்த மெக்வையர், கடந்த காலத்தைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை என்றார். கேட்கக் கேட்க அதையே சொன்னார். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அன்று விரலை நீட்டி சத்தியம் செய்யாத குறையாக மறுத்த ரஃபேல் பால்மெய்ரோ, சில மாதங்களிலேயே பரிசோதனையில் மாட்டினார்.

2007இல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பு. உள்ளே போக 75 சதவீதம் வேண்டும். மெக்வையருக்குக் கிடைத்தது 23.5. அவர் பொதுவெளியிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போனார்.

2009 அக்டோபரில் பழைய அணியின் மேலாளர் டோனி லா ரூஸா அவரை பேட்டிங் பயிற்சியாளராக அழைத்தார். இங்கேதான் எனக்கு இந்தக் கதை சுவாரஸ்யமாகிறது. கடந்த காலத்தைப் பேச மாட்டேன் என்ற ஒருவர், கடந்த காலத்தை மட்டுமே முதலாக வைத்து நடத்தும் தொழிலுக்கு வருகிறார். பயிற்சியாளரிடம் வேறென்ன இருக்கிறது? நான் இப்படி நின்றேன், இப்படி அடித்தேன், இங்கே தப்பு செய்தேன். இருபத்திரண்டு வயசுப் பையன் கேட்க வருவது அதைத்தான்.

2010 ஜனவரி 11 அன்று மெக்வையர் வாய் திறந்தார். தொண்ணூறுகள் முழுக்க அவ்வப்போது ஸ்டீராய்டு எடுத்தேன், 1998இலும் எடுத்தேன் என்றார். அன்றைக்கே மாரிஸின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். தொலைக்காட்சியில் பாப் காஸ்டஸ் முன்னால் அழுதார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விடவில்லை. காயம் ஆறத்தான் எடுத்தேன், அது இல்லாமலும் அடித்திருப்பேன் என்றார்.

இது பாதி ஒப்புதல். ஸ்டீராய்டு பந்தைப் பார்க்கும் கண்ணைத் தராது, சரி. ஆனால் களைத்த தசையைச் சீக்கிரம் தேற்றி நாளைக்கும் அதே பலத்தோடு நிற்க வைக்கும். காயத்தில் படுத்திருக்க வேண்டியவனை ஆட வைப்பதே பெரிய உதவி இல்லையா? ஆனாலும் அந்தப் பாதியை அவர் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சாதனையை 73 ஆக்கிய பேரி பாண்ட்ஸ், தெரிந்து எடுத்ததாக ஒருபோதும் ஒப்புக்கொள்ளாமலே 2016இல் மயாமி அணிக்கு ஒரு சீசன் பயிற்சியாளராக இருந்துவிட்டுப் போனார்.

2011இல் மெக்வையர் பயிற்சி கொடுத்த கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. பிறகு டாட்ஜர்ஸ், பாட்ரேஸ் என்று 2018 வரை வேலை பார்த்தார். ஆக, ஆட்டம் அவருக்கு வேலை கொடுத்தது. கௌரவம் மட்டும் கொடுக்கவில்லை. நெடுஞ்சாலைக்கு 2010இல் மார்க் ட்வைன் பெயரை வைத்தார்கள். பலகையில் மார்க் மட்டும் மிச்சம். 2016இல், அவருடைய கடைசி வாக்கெடுப்பில் 12.3 சதவீதம்தான் கிடைத்தது.

அவரை வைத்து ஜெயித்த லா ரூஸா 2014இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். அந்தக் காலத்துக் கமிஷனர் பட் செலிக் 2017இல் போனார். லா ரூஸா, எனக்கு அதுவரை தெரியாது என்றார். ஊசி போட்டவன் வெளியே, கல்லாவில் உட்கார்ந்தவர் உள்ளே. மெக்வையரை உள்ளே விட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. வெளியே நிற்க வேண்டியவர் அவர் ஒருத்தர் மட்டும்தானா என்பதே என் கேள்வி.

நேற்று ராத்திரியும் அந்த வீடியோவைப் போட்டேன். மெக்வையர் திரும்பி வந்து முதல் பேஸைத் தொடுகிறார். சுற்றி முடித்ததும் மகனைத் தூக்கிக் கொள்கிறார். பிறகு பார்வையாளர் பக்கம் போய் மாரிஸின் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கிறார். அவர்களுடைய அம்மாவுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு போக இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது.